அறுபது ரூபாய் ஸ்பானிஷ் அகராதி: ஒன்பது வருடம் கழித்து

நேற்று மண்ணடியில் பைண்டிங் முடிந்து அகராதி கைக்கு வந்தது. வாங்கிய விலை 60 ரூபாய், பைண்டிங் கூலி 150. "அதே மாதிரி ஒண்ணு எனக்கும் வாங்கலாமா மச்சான்?" என்று நண்பன் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்த ஆங்கிலம்-ஸ்பானிஷ் பாக்கெட் அகராதி இது. பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்குக் கடிதங்களை ஸ்பானிஷில் மாற்றிக் கொடுக்கிறேன். தையல், பக்கிள், சாயம் என்று தொழில் சொல் எதைத் தேடினாலும் கிடைத்துவிடும். பொடி எழுத்துதான், ஆனால் கண்ணை உறுத்தாது. நல்லதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

‘மைசெல்ஃப்’ என்று தேடினால் எதிரே ஒரே சொல்தான் இருக்கும்: ‘மே’, அதாவது ‘என்னை’. ஒருமுறை முதலாளி, தோலைத் தானே பார்த்ததாக ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் மைசெல்ஃப் போட்டிருந்தார். நான் அகராதியை நம்பி ‘மே ரெவிஸே லா பியெல்’ என்று எழுதி அனுப்பினேன். ‘பியெல்’ ஆட்டுத் தோலுக்கும் வரும், மனிதத் தோலுக்கும் வரும். கூட ‘மே’ சேர்ந்ததும் "என் உடம்புத் தோலைப் பரிசோதித்துக்கொண்டேன்" என்றாகிவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுப் பதில் வந்தது! எழுதியிருக்க வேண்டியது ‘யோ மிஸ்மோ ரெவிஸே லா பியெல்’, "நானே தோலைப் பார்த்தேன்".

‘என்னை’க்கும் ‘நானே’வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மைசெல்ஃப். நமக்கு இரண்டு, ஸ்பானிஷ்காரர்களுக்கும் இரண்டு. இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு இடமில்லாத புத்தகத்தில் பின்னால் நான்கு பக்கம் ஓட்டல் உரையாடல் இருக்கிறது.

கோபத்தில் அகராதியை மூடிவிட்டுத் தமிழில் யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: வினையோடு வரும் இந்த ‘மே’, ‘ஸே’ எல்லாம் பெரும்பாலும் நம் ‘கழுவிக்கொள்’, ‘அடித்துக்கொள்’ளில் வரும் ‘கொள்’ மாதிரி. கை கழுவுவது ‘மே லாவோ லாஸ் மானோஸ்’. அதில் ‘என் கை’ இல்லை, வெறும் கைதான். நாமும் சோற்றுக்கு முன் ‘என் கையை’க் கழுவுகிறேன் என்றா சொல்கிறோம்? ‘தோர்மீர்’ தூங்குவது, ‘தோர்மீர்ஸே’ தூங்கிப்போவது. ‘ஸே மே ஒல்விதோ’ அப்படியே "எனக்கு மறந்துபோச்சு". மறந்த பழி நம்மேல் விழாது. ‘ஸே பேகான்’ என்றால் "அடித்துக்கொள்கிறார்கள்". ஒருவரை ஒருவரா, தன்னைத்தானேயா? முன்னே பின்னே படித்தால்தான் தெரியும், நம் ‘கொள்’ மாதிரியே. எல்லா இடத்திலும் ‘கொள்’ பொருந்தாது என்றாலும், எனக்கு முக்கால்வாசி நேரம் கைகொடுத்தது அதுதான். ஆங்கிலத்தில் செல்ஃப் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மைசெல்ஃபுக்குப் பக்கத்தில் ‘யோ மிஸ்மோ’ என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன். பெண் எழுதினால் ‘யோ மிஸ்மா’ என்றும். பைண்டிங்காரர் ஓரத்தை வெட்டும்போது அதில் பாதி போய்விட்டது. திரும்ப எழுத வேண்டும்.

மச்சான், நீ இதை வாங்காதே. என்னுடையதை இரவலும் கேட்காதே.