ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிபவை

மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இது. ஃபோகஸ்ரைட்டின் இந்தச் சிவப்புப் பெட்டி 2019இல் வந்தது. 2023இல் நான்காம் தலைமுறை வந்தபின் பழையது கைமாறி நிறையக் கிடைக்கிறது. வீட்டில் பாட்டும் வாத்தியமும் பதிவு செய்ய இன்றைக்கும் இது போதும். ஆனால் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) பார்த்து மயங்க வேண்டாம், அந்த எண்ணை நீங்கள் தொடவே போவதில்லை. பார்க்க வேண்டியது மைக் உள்ளீடு எத்தனை, கெயின் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் அளவு) எவ்வளவு என்பதைத்தான்.

2ஐ2இல் மைக் உள்ளீடு இரண்டு. ஒரு குரல், ஒரு கிட்டார் என்றால் சரி. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று என மைக் வைத்தால் அதோடு பெட்டி நிறைந்துவிடும், பாடுபவருக்கு இடமில்லை. உடனே 4ஐ4க்குத் தாவிப் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு. அதன் பெயரிலுள்ள 4 எல்லா உள்ளீடுகளையும் சேர்த்த கணக்கு. மைக்குக்கானவை அதிலும் இரண்டுதான், மற்ற இரண்டு லைன், அதாவது கீபோர்டு, மிக்சர் போன்றவற்றுக்கு. இதே வரிசையில் நான்கு மைக் வேண்டுமானால் 18ஐ8 வரை போக வேண்டும்.

கெயின் 56 டெசிபல். கண்டென்சர் மைக்குக்கு இது தாராளம், குமிழ் பாதியைத் தாண்டாது. ஷூர் எஸ்எம்58ஐ வாய்க்கருகே பிடித்துப் பாடினாலும் குறையில்லை. ஷூரின் எஸ்எம்7பி மைக் மட்டும் மல்லுக்கட்டும். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும். கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டரை இடையில் போடலாம், அல்லது 69 டெசிபல் தரும் நான்காம் தலைமுறையை வாங்கலாம். பூஸ்டரின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கரோக்கி மைக்கோடு வரும் 6.35 மில்லிமீட்டர் ஜாக் வயரை இதில் குத்திவிட்டு "சத்தமே வரலையே" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். அந்த நடுத்துளை லைனுக்கும் கிட்டாருக்கும் உரியது. மைக் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) கிடைப்பது மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயர் வழியாக மட்டுமே, ஆகவே வயரை மாற்றுங்கள். வீணையிலோ வயலினிலோ ஒட்டும் பியசோ பிக்கப்புக்கு நேர்மாறு: ஜாக்கில் செருகி இன்ஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து தகர ஒலியாகிவிடும்.

விண்டோஸில் முதலில் ஃபோகஸ்ரைட்டின் சொந்த டிரைவரை நிறுவுங்கள், பிறகு பெட்டியைச் செருகுங்கள். ரீப்பர், க்யூபேஸ் போன்ற பதிவு மென்பொருளில் அதனுடன் வரும் ஆசியோ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசியோ ஃபார் ஆல் என்ற பொது டிரைவர் இங்கே தேவையில்லை. மேக்கில் டிரைவர் வேலையே கிடையாது. புதுப் பெட்டி முதல்முறை பென் டிரைவ் போலத் தெரியும், பயப்பட வேண்டாம். ஃபோகஸ்ரைட்டில் பெட்டியை ரெஜிஸ்டர் செய்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, வயரைக் கழற்றி மாட்டுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகப் போகாமல் கணினியிலேயே நேராகச் செருகுவது நல்லது. மின்சாரமும் அதே வயரில்தான் வருகிறது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். புராஜெக்ட் ஒரு வேகத்திலும் பெட்டி வேறு வேகத்திலும் ஓடுவதுதான் ஆபத்து. 44.1இல் எடுத்ததை 48இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ தொங்கும், எந்தத் தம்புராவோடும் சேராது.

பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து வாங்கும் ஒலித்துண்டின் அளவு, 128 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லிவிநாடி தாமதம். ஆனால் அது ஒரு வழிக்கு மட்டும். போக, வர, டிரைவரின் சேமிப்பு எல்லாம் சேர்ந்தால் இரு மடங்குக்கு மேல் ஆகும். பதிவின்போது 128, சடசடத்தால் 256. மிக்ஸிங்குக்கு 1024 வைத்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. குரல் மட்டும் பதிவு செய்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், டைரக்ட் மானிட்டரை (கணினிக்குப் போய் வராமல் பெட்டியிலிருந்தே குரலைக் கேட்கும் வசதி) போட்டுக்கொள்ளலாம். ஒரே மைக் என்றால் டைரக்ட் மானிட்டரை மோனோவில் வையுங்கள். ஸ்டீரியோவில் வைத்தால் முதல் உள்ளீடு இடக்காதில் மட்டும் கேட்கும், ஹெட்ஃபோன் போய்விட்டது என்று நினைப்பீர்கள். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைக்க மறந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். நேரலைக்கும் வீடியோவுக்கும் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் இடக்காதுப் பிரச்சினைக்கு மருந்து, ஆடியோ அமைப்பில் மோனோ கட்டத்தை டிக் செய்வது.

கெயின் வைக்கும்போது மெல்லப் பேசிப் பார்க்காதீர்கள். தாரஸ்தாயியில் பாடப்போகும் இடத்தை முழுக்குரலில் பாடவைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி திருப்புங்கள். குமிழைச் சுற்றிய வளையம் பச்சையாகவே இருக்க வேண்டும். சிவப்பு ஒருமுறை மின்னினாலும் அந்த டேக் போனதுதான், பின்னால் திருத்த முடியாது. ஏர் பொத்தான் மேல் அதிர்வெண்களைத் தூக்கும். மங்கலான டைனமிக் மைக்குக்கு நன்றாயிருக்கும். விலை குறைந்த கண்டென்சரில் போட்டால் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறும். இரைச்சலுக்கு ப்ரீஆம்பைக் குறை சொல்லுமுன் சீலிங் ஃபேனை நிறுத்திப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' ஒலிக்குப் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர்தான் காரணம். அதைக் கழற்றியதும் நின்றால் எர்த் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழிகளில் சேர்ந்து வளையமாவது) என்று பொருள். ஸ்பீக்கர்களையும் சார்ஜரையும் ஒரே மூன்று முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, பேலன்ஸ்டு டிஆர்எஸ் வயரால் இணையுங்கள். எர்த் பின்னை உடைப்பது தீர்வல்ல, உயிருக்கே ஆபத்து.

ஹெட்ஃபோன் வெளியீடு அவ்வளவு வலுவில்லை. 250 ஓம் மாடலை முழுச் சத்தத்தில் வைத்தாலும் திருப்தி வராது. 32 முதல் 80 ஓம் வரை பொருத்தம்.

பழையது வாங்குபவர்கள் கண்டென்சர் மைக் ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். இரண்டு உள்ளீட்டிலும் 48 வோல்ட் போட்டுப் பேசிப் பாருங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்புங்கள், கரகரப்பு வந்தால் உள்ளே தூசி. பிறகு பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலுள்ள யூஎஸ்பி சி முனையை லேசாக ஆட்டுங்கள். இணைப்பு விட்டுப்போனால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.