ஒரே நாளில் மூன்று மலை: யார்க்‌ஷயரா, டார்க் பீக்கா?

வடக்கு இங்கிலாந்தின் திறந்த மேட்டுநிலத்தில் தனியாக ஒரு நாள் முழுக்க ஓட வேண்டுமா? இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

யார்க்‌ஷயர் மூன்று சிகரங்கள் எளிதாகப் புரியும் பாதை. பென்-இ-கென்ட் (694 மீட்டர்), வெர்ன்சைடு (736), இங்கிள்பரோ (723) மூன்றையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். சுமார் 39 கி.மீ. தடம் தெளிவானது. வார இறுதியில் ஆள் நடமாட்டம் அதிகம், கால் பிசகினாலும் யாராவது வருவார்கள். முதல்முறை தனியாக ஓடுபவருக்கு இதுதான் சரி.

டார்க் பீக், அதாவது பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் வடக்கு மேட்டுநிலம், வேறு மாதிரி. ஈடேல் கிராமத்தில் தொடங்கி கிண்டர் ஸ்கவுட் (636), பிளீக்லோ (633), பிளாக் ஹில் (582) என்று வடக்கே போகும் வழி. உயரம் குறைவுதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். பிளீக்லோவின் உச்சிப் பரப்பு கறுப்புச் சதுப்பு மண். நீர் அரித்து அரித்து ஆளுயரப் பள்ளங்களாகிக் கிடக்கிறது. மூடுபனி இறங்கினால் எல்லாப் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். போன் மட்டும் போதாது. வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும் கட்டாயம். இந்த மலைகள் வழியே போகும் பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் பல இடங்களில் பழைய ஆலைகளின் தரைக்கற்களைப் பதித்திருக்கிறார்கள். சேற்றுக்கு அது வரம், ஆனால் மழையில் வழுக்கும்.

அப்புறம், இது வட்டப் பாதை அல்ல. திரும்பி வர வண்டியை முன்பே பார்த்து வையுங்கள்.

என் மனம் என்னவோ டார்க் பீக் பக்கம்தான். 1948-ல் பிளீக்லோவில் விழுந்த அமெரிக்க விமானத்தின் சிதைவுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. அந்த அமைதியில் தனியாக நிற்பது வேறு எங்கும் கிடைக்காது.