ரத்தக் குழாயை வரைந்தெடுக்க எந்த முறை? எங்கே தவறும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

விழித்திரைப் படத்திலோ சிடி ஆஞ்சியோவிலோ (குழாய் பளிச்சென்று தெரிய ஒரு மருந்தை ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன்) ரத்தக் குழாய்களைக் கணினியால் வரைந்தெடுக்க எந்த முறை நல்லது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மதிப்பெண் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். கணினி வரைந்ததும் நிபுணர் வரைந்ததும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் டைஸ் மதிப்பு யாருக்கு அதிகமோ, அவருக்கே முதலிடம். கல்லீரல் மாதிரி பெரிய உறுப்புக்கு இது சரி. ஆனால் குழாய்க்கு இந்தப் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 3 பிக்சல் அகலம், 100 பிக்சல் நீளமுள்ள ஒரு குழாய். மொத்தம் 300 பிக்சல். முதல் முறை இதை அச்சு அசலாக வரைகிறது, நடுவில் 3 பிக்சல் நீளத்தை மட்டும் விட்டுவிடுகிறது. டைஸ் 0.98. இரண்டாவது முறை எங்கும் அறுபடாமல் வரைகிறது, ஆனால் முழுக் கோடும் ஒரு பிக்சல் பக்கவாட்டில் தள்ளிப் போய்விடுகிறது. டைஸ் 0.67. பட்டியலில் முதலாவது எங்கோ உயரத்தில் நிற்கும். ஆனால் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடவோ, கிளைகளை எண்ணவோ, கேத்தெட்டர் (குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழல்) போகும் வழியைத் திட்டமிடவோ அந்த 0.98 உதவாது. அங்கே குழாய் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. எனவே இங்கே ஒவ்வொரு முறையையும் அது எப்படித் தவறும், அந்தத் தவறு எந்த வேலையைக் கெடுக்கும் என்ற கோணத்தில் பார்க்கிறேன்.

ஃபிராங்கி ஃபில்டர்

1998-இல் ஃபிராங்கியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட, படத்தில் குழாய் போன்ற வடிவங்களைத் தூக்கிக்காட்டும் இந்த ஃபில்டர் இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அதன் யோசனை அழகானது. சிடி ஆஞ்சியோவில் குழாய்க்குள் ஒரு புள்ளியில் நில்லுங்கள். குழாயின் போக்கிலேயே நகர்ந்தால் பிரகாசம் அவ்வளவாக மாறாது; குறுக்கே நகர்ந்தால் சட்டென்று இறங்கும். இந்த வித்தியாசத்தை ஹெஸ்ஸியன் அணியின் (பிரகாசம் ஒவ்வொரு திசையிலும் எப்படி வளைகிறது என்று சொல்லும் எண் அட்டவணை) ஐகன் மதிப்புகள், அதாவது முக்கியத் திசைகளில் அந்த வளைவின் அளவுகள், காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று பூஜ்யத்தை ஒட்டியும் மற்ற இரண்டும் பெரிதாகவும் இருந்தால், அந்தப் புள்ளி குழாயில் இருக்கிறது. படத்தைப் பல அளவுகளில் மங்கலாக்கி இதே கணக்கைத் திரும்பப் போட்டால், தடித்த குழாயும் மெல்லிய குழாயும் அததற்குரிய அளவில் பிடிபடும். பயிற்சிப் படம் எதுவும் தேவையில்லை. ஒரே படத்துக்கு எப்போதும் ஒரே விடை.

கிளை பிரியும் இடத்தில் இது தடுமாறும். மூன்று கிளைகள் சந்திக்கும் புள்ளியில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பிரகாசம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டிய ஐகன் மதிப்பும் பெரிதாகிவிடும். ஃபில்டருக்கு அது குழாயாகத் தெரியாது, ஒரு குமிழாகத் தெரியும். விளைவு, மிக முக்கியமான அந்தச் சந்திப்பிலேயே பதில் மங்கி, கோடு அறுபடுகிறது. விழித்திரைப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருமையாகத் தெரியும் தமனியின் நடுவில் ஒளி பட்டு ஒரு வெளிர்கோடு ஓடும். சிறிய அளவில் பார்க்கும் ஃபில்டர் அதை இரண்டு பக்கமும் ஓடும் இரண்டு மெல்லிய குழாய்களாக எண்ணிக்கொள்ளும்.

அப்புறம், இது கடைசி வரைபடத்தைத் தருவதில்லை. 'இங்கே குழாய் இருக்கலாம்' என்ற ஒரு சாத்திய வரைபடம்தான் கிடைக்கும். எந்த மதிப்புக்கு மேல் குழாய் என்று கொள்வது என்ற வெட்டெல்லையை நாம்தான் வைக்க வேண்டும். அதனால் இதை முதல் படியாக மட்டுமே மதிக்கிறேன். அந்த இடத்தில் இதற்கு ஈடு குறைவு.

நகரும் எல்லைக்கோடுகள்

1987-இல் காஸ், விட்கின், டெர்ஸோபூலஸ் மூவரும் கொண்டுவந்த 'ஸ்நேக்' முறையில், ஒரு மூடிய கோட்டைப் போட்டால் அது தானாக நகர்ந்து பொருளின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். கோடு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்ற விசை ஒரு பக்கம், விளிம்பை நோக்கி இழுக்கும் விசை மறுபக்கம். தொடக்கக் கோட்டைக் கிட்டத்தட்ட சரியான இடத்தில் போட்டால்தான் வேலை நடக்கும். கோடு தானாகப் பிரியாது, சேராது. கிளை கிளையாகப் பிரியும் குழாய்க்கு இது ஒத்துவராது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஓஷரும் சேத்தியனும் 1988-இல் தந்த லெவல் செட் அந்தக் குறையைத் தீர்த்தது. கோட்டை நேரடியாக நகர்த்தாமல், ஒரு பரப்பின் பூஜ்ய மட்டமாக (அதன் உயரம் பூஜ்யமாக இருக்கும் இடமாக) வைத்து நகர்த்துவதால், பிரிவதும் சேர்வதும் இயல்பாக நடக்கும். 2001-இல் சானும் வெஸேயும் விளிம்பே தெளிவாக இல்லாத படத்திலும், உள்ளே சராசரி என்ன, வெளியே சராசரி என்ன என்பதை வைத்தே எல்லையைக் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். இதயத்தின் இடது கீழறை, கட்டி, நீர்க்கட்டி மாதிரி உருண்டு திரண்ட வடிவங்களுக்கு இந்தக் குடும்பத்தை இன்றும் தயங்காமல் எடுப்பேன்.

குழாய்க்கு வரும்போது, அதன் நல்ல குணமே எதிரியாகிறது. கோடு வழுவழுப்பாக இருக்க, வளைவு அதிகமான இடத்தை அது உள்ளே தள்ளும். மெல்லிய குழாயின் சுற்று வளைவோ ஆரம் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். ஆக, இரைச்சலைத் துடைக்கும் அதே விசை நுண்குழாய்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். லோரிகோவும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் இதற்கு ஒரு நல்ல மாற்றைக் கண்டார்கள். குழாயை முப்பரிமாண வெளியில் ஓடும் ஒரு கோடாகவே கருதி, அதன் இரண்டு வளைவுகளில் (குறுக்கே ஒன்று, நீளவாக்கில் ஒன்று) சிறியதை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அப்போது குறுக்குவெட்டின் வளைவு குழாயைச் சுருக்காது. ஆனாலும் கசிவு இருக்கிறது. கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் உட்புறக் கரோட்டிட் தமனி மண்டையோட்டின் அடியில் எலும்புக்குள்ளேயே புகுந்து போகிறது. கான்ட்ராஸ்ட் மருந்து நிறைந்த குழாயும் எலும்பும் சிடியில் ஒன்றுபோல் பளிச்சென்று தெரியும். அங்கே லெவல் செட் எலும்புக்குள் பாய்ந்துவிடும்.

குறைந்த செலவுப் பாதை

கோஹனும் கிம்மெலும் 1997-இல் முன்வைத்த இந்த முறையில் தொடக்கம், முடிவு என்று இரண்டு புள்ளிகளை மனிதர் வைக்கிறார். குழாய்க்குள் செலவு குறைவு, வெளியே அதிகம் என்று ஒரு செலவு வரைபடம். ஃபிராங்கி ஃபில்டரின் விடையையே இதற்குப் பயன்படுத்தலாம். கணினி மிகக் குறைந்த செலவில் போகும் பாதையைத் தேடித் தருகிறது. இந்தப் பாதை ஒருபோதும் அறுபடாது. கிளைச் சந்திப்பில் ஃபில்டர் மங்கினாலும், சில பிக்சல்களுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு செய்து தாண்டிப் போய்விடும்.

இதன் தவறு வேறு மாதிரி. சுற்றி வளைந்து போகும் குழாயில், பக்கத்துக் குழாய்க்குத் தாவி ஓடுவது மலிவாக இருந்தால் தாவிவிடும். விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், தமனியில் தொடங்கிய பாதை சிரையில் திரும்பிவிடலாம். வளைவுகளில் உள்பக்கச் சுவரை ஒட்டி வெட்டிப் போவதும் வழக்கம். ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தவறுகள். நடுவே ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும்.

நடுக்கோடு மட்டும் போதாது, அகலமும் வேண்டும் என்றால் கவனம் தேவை. 3 மி.மீ. விட்டமுள்ள இதயத் தமனி ஓரிடத்தில் 1.5 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கிறது என்று வையுங்கள். 50 சதவீத அடைப்பு. வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் பிக்சல்) அளவு 0.5 மி.மீ. என்றால் அது மூன்றே வாக்சல். ஒன்று கூடினால் அடைப்பு 33 சதவீதம், ஒன்று குறைந்தால் 67. ஆரத்தையும் ஒரு பரிமாணமாகச் சேர்த்துப் பாதை தேடும் வழியை லீயும் யெஸ்ஸியும் 2007-இல் காட்டினார்கள். அகலம் வேண்டிய வேலைக்கு அந்த வடிவம்தான் பொருத்தம்.

நியூரல் நெட்வொர்க்

ஃபிரைபர்க்கில் ரோன்னெபெர்கர் குழு 2015-இல் உருவாக்கிய யூ-நெட்டும் (நிபுணர் வரைந்த படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் நெட்வொர்க்) அதன் வழிவந்தவையும் மற்ற எல்லாவற்றையும் வேகத்திலும் வீச்சிலும் தாண்டிவிட்டன. தமனி நடுவில் ஓடும் வெளிர்கோடு, தமனியும் சிரையும் கடக்கும் இடம், எலும்பை ஒட்டிய தமனி என்று ஃபில்டர் திணறும் இடங்களைப் படத்தின் சுற்றுச்சூழலைப் பார்த்தே புரிந்துகொள்கின்றன. ஆயிரக்கணக்கான படங்கள் என்றால் வேறு வழியை யோசிக்க வேண்டியதே இல்லை.

தவறும்போது மட்டும் சத்தமில்லாமல் தவறும். வேறொரு கேமராவில் எடுத்த படம் வந்தால், அரைகுறை வரைபடத்தையும் முழு நம்பிக்கையோடு தரும். பிக்சல் பொருத்தத்தை மட்டும் பார்த்துப் பயிற்சி கொடுத்தால், மேலே போட்ட கணக்கின்படி, மெல்லிய குழாயில் இடைவெளி விடுவதற்குத் தண்டனை ஏறக்குறைய இல்லை. 2021-இல் வந்த சிஎல்டைஸ் என்ற அளவீடு நடுக்கோடுகளின் பொருத்தத்தைப் பார்க்கிறது. குழாய்க்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைச் சேர்க்காமல் விடுவதற்குக் காரணமே எனக்குத் தெரியவில்லை. அறுபட்ட துண்டுகள் மிஞ்சினால், அவற்றின் முனைகளைக் குறைந்த செலவுப் பாதையால் இணைத்துப் பார்க்கலாம். இந்தக் கூட்டணியைத்தான் நான் முதலில் முயல்வேன்.

மதிப்பெண்ணைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். விழித்திரைக்கு எல்லோரும் பயன்படுத்தும் டிரைவ் தொகுப்பில் மொத்தமே 40 படங்கள். பயிற்சிக்கு 20, சோதனைக்கு 20. சோதனைப் படங்களை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் வரைந்திருக்கிறார்கள். நுண்குழாய்களில் அந்த இருவருமே ஒத்துப்போவதில்லை. முதலாமவருடன் இரண்டாமவர் ஒத்துப்போகும் அளவைத் தாண்டி ஒரு நெட்வொர்க் முதலாமவருடன் ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் புள்ளிகள் குழாயைப் பற்றியவை அல்ல. முதலாமவர் எங்கே கோட்டை நிறுத்துவார் என்பதை அது கற்றிருக்கிறது.