வைஃபை ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ஹாலில் நன்றாக ஓடும் வைஃபை கடைசி அறைக்குப் போனதும் திணறுகிறதா? எதையும் வாங்கும் முன் ரூட்டரை மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரமாக வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

போதவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரிப்பீட்டர், அதாவது ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவி. விலை குறைவு, இருக்கும் ரூட்டரோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரே பேண்டில் (அலைவரிசையில்) வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வைக்கும் இடம். சிக்னலே எட்டாத அறையில் செருகினால் திருப்பி அனுப்ப அதனிடம் எதுவும் இருக்காது. ரூட்டருக்கும் அந்த அறைக்கும் இடையில், சிக்னல் இன்னும் வலுவாக உள்ள இடம்தான் சரி. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: சிக்னல் வலிமை -65 டிபிஎம் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அருகே காட்டினால் நல்லது, -80 என்றால் அங்கே வைத்துப் பயனில்லை.

மெஷ்ஷில் வீட்டில் ஆங்காங்கே வைக்கும் பல வைஃபை கருவிகள் ஒரே நெட்வொர்க்காக இயங்கும். பேசிக்கொண்டே நடந்தாலும் அழைப்பு அறுபடுவது குறைவு. ரிப்பீட்டரில் போன் பழைய சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது உண்டு. மெஷ்ஷின் விலை அதிகம்தான்.

ஒரே ஓர் அறைதான் பிரச்சினை என்றால் மெஷ் வீண்செலவு. மாடி வீடு, தடித்த கான்கிரீட் சுவர்கள் என்றால் தயங்காமல் மெஷ்ஷுக்கே போங்கள். முடிந்தால் கருவிகளுக்கு இடையே ஈதர்நெட் கேபிளும் இழுத்துவிடுங்கள். வேகம் வழியில் கரையாது.