கோதுமை இல்லாத பிறந்தநாள் மேசை: பாக்கெட்டா, அடுப்பா, முறுக்கு டப்பாவா?

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என் மகளுக்கு இருப்பது தெரியவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஆறாவது பிறந்தநாளுக்கு அவளுக்கென்று ஒரு சின்ன கேக் தனியாக, மற்ற பிள்ளைகளுக்கு வழக்கமான மைதா கேக் என்று ஏற்பாடு செய்தேன். மெழுகுவர்த்தி பெரிய கேக்கின் மேல் ஏறியது. ஊதினாள், வெட்டினாள், முதல் துண்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊட்டினாள். பிறகு விரலில் ஒட்டிய கிரீமைப் பார்த்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அன்றிரவு பாத்திரம் கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன்: இனி ஒரே மேசை, எல்லோருக்கும் ஒரே தின்பண்டம். அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததன் கணக்குதான் இது.

விலக்க வேண்டியவை கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்கள். மைதாவைச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. ரவையை அரிசிக்கு உறவு என்று நினைத்துக் கேசரியோடு வரும் அத்தைகளிடம்தான் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. சேமியாவும் கோதுமைதான். சத்துமாவு, சாக்லேட், கார்ன்ஃபிளேக்ஸ் எதுவானாலும் பொருள் பட்டியலில் 'மால்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் பார்லி.

முதலில் பாக்கெட். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட கேக் மாவில் கிடைக்கும் பெரிய லாபம் நிம்மதி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. வீட்டில் யாராலும் அதை அளந்து பார்க்க முடியாது. அரிசி மாவு, மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மாவை ஒட்டவைக்கும் சாந்தன் பிசின் என்று சேர்த்திருப்பதால் முதல் முயற்சியிலேயே கேக் எழும்பிவிடுகிறது. ஆனால் இனிப்பு அதிகம், மறுநாள் மணலாக உதிர்கிறது, விலையோ மைதாவைப் போலப் பல மடங்கு. இருபது பிள்ளைகளுக்குப் பாக்கெட்டிலேயே ஒப்பேற்ற நினைத்தால் அந்த மாதம் வேறு செலவு செய்ய முடியாது. பிஸ்கட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பயணத்துக்கு உதவும், விருந்துக்கு வேண்டாம்.

அடுத்தது அடுப்பு. இங்கேதான் அதிகம் தோற்றேன், அதிகம் கற்றேன். மைதாவில் தண்ணீர் பட்டதும் உருவாகும் குளூட்டன் வலைதான் காற்றைப் பிடித்து வைத்துக் கேக்கை நிமிர்த்துகிறது. அரிசி மாவிடம் அந்த வலை இல்லை. வெறும் அரிசி மாவில் நான் செய்த முதல் கேக் ஓரத்தில் பாறை, நடுவில் களி. முட்டையும், மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் இசப்கோலும்தான் கைகொடுத்தன. ஒரு தேக்கரண்டி இசப்கோலைக் கால் டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தால் ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும். அந்தக் கூழ் மாவை இழுத்துப் பிடிக்கும். கலந்ததும் ஓவனில் வைக்காமல் அரை மணி நேரம் விட்டால் அரிசி மாவின் நறநறப்பும் போய்விடும். முட்டை சேர்க்காத வீடுகளுக்குத் தயிரும் நன்றாகக் கனிந்த வாழைப்பழமும் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் கேக்கின் உயரம் குறையும், சொல்லிவிடுகிறேன்.

வாழைப்பழத்துக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. கோதுமைதான் காரணம் என்று டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950இல் தம் ஆய்வேட்டில் காட்டுவதற்கு முன்பு, அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் 1924 முதல் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே பத்தியமாகக் கொடுத்துவந்தார். அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாததால் தேறினார்கள். பெயர் மட்டும் வாழைப்பழத்துக்குப் போனது.

பல முயற்சிகளுக்குப் பிறகு என் வீட்டில் நிலைத்தது கேழ்வரகு சாக்லேட் கேக். இரண்டு பங்கு கேழ்வரகு மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, நிறைய கோகோ, நாட்டுச் சர்க்கரை. கேழ்வரகின் நிறமும் மண்வாசமும் கோகோவுக்குள் ஒளிந்துகொள்கின்றன. ஓவன் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் வேகவைக்கலாம். மூடியில் துணி கட்ட மறந்தால் ஆவி நீர் சொட்டி மேற்புறம் குழி குழியாகிவிடும். பாதாம் மாவிலும் செய்து பார்த்தேன். சுவையில் முதலிடம், ஆனால் கனம் அதிகம். பிள்ளைகள் பாதித் துண்டோடு நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது வழியான முறுக்கு டப்பாவுக்குத்தான் என் ஓட்டு. கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தை எதனாலாவது நிரப்புவது பாக்கெட்டும் கேக்கும் செய்கிற வேலை. தேங்குழல், சீடை, கடலைமிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் பர்ஃபி, ஜவ்வரிசிப் பாயசம் எதிலும் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தேங்குழலைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "இது அவளுக்கான பத்தியச் சாப்பாடா?" என்று கேட்பதில்லை.

ஆனால் இதிலும் இரண்டு இடங்களில் வழுக்கியிருக்கிறேன். ஒன்று, மாவு மில். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டு போனார். அதே இயந்திரத்தில் என் பச்சரிசியைக் கொட்டினார்கள். முதலில் விழுந்த மாவு லேசான பழுப்பு நிறத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்து சலித்தபோதுதான் கவனித்தேன். இப்போது அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். கேழ்வரகு மாவுக்குக் குளூட்டன் இல்லை என்ற முத்திரை பார்த்து வாங்கிய பாக்கெட்தான். இரண்டு, பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் தேங்குழல் மாவில் போட்டுவிட்டு, முழுப் படியையும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது சீரகமும் எள்ளும் மட்டும்.

இதே பண்டங்களை இனிப்புக் கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். ஜாங்கிரி உளுந்து, மைசூர்பாகு கடலை மாவு, காகிதத்தில் சரிதான். ஆனால் சமோசா பொரித்த எண்ணெயிலேயே முறுக்கையும் பொரிக்கிறார்கள், ஒரே கரண்டியில் எல்லாவற்றையும் அள்ளுகிறார்கள். எங்கள் தெருக் கடையில் விசாரித்தபோது, "துளிதானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார்கள். அந்தத் துளிதான் விஷயம் என்பதால் அங்கே வாங்குவதில்லை.

ஐஸ்கிரீம் என்றால் கப்பில் மட்டும், அதுவும் பிஸ்கட் துண்டோ மால்ட்டோ சேராத வகை. கோன் கோதுமை. விருந்து முடிந்து கொடுக்கும் பரிசுகளில் வண்ண மாவுக் களிமண் இருந்தால் அதையும் பாருங்கள், அதிலும் பல வகைகள் கோதுமை மாவில் செய்யப்படுகின்றன. சின்னப் பிள்ளைகள் விரலை எங்கே வைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பானிபூரியிடம் மட்டும் வெகுநாள் தோற்றுக்கொண்டிருந்தேன். பூரி ரவையும் மைதாவும். அரிசி மாவில் மூன்று முறை முயன்றேன், ஒன்றுகூட உப்பவில்லை. பிறகு சேலத்துத் தோழி ஒருத்தி தட்டுவடை செட்டை நினைவுபடுத்தினாள். அரிசி மாவுத் தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. தட்டுவடையை முதல் நாளே வீட்டில் சுட்டு வைத்துவிட்டேன். எட்டாவது பிறந்தநாளில் பிள்ளைகளே வரிசையாக உட்கார்ந்து அடுக்கினார்கள். மேசை விரிப்பில் பீட்ரூட் கறை இன்னும் போகவில்லை.