வெள்ளைக் கோட்டுக்கு வார்னிஷா, ஜெல்லா, கறுப்பு மருந்தா?

என் அக்கா மகளுக்கு நாலு வயது. மேல் முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு. பல் ஈரமாக இருந்தபோது தெரியவில்லை. டாக்டர் காற்றடித்து உலர்த்தியதும் பளிச்சென்று தெரிந்தது. சொத்தையின் முதல் கட்டம் அது. பல்லின் வெளி உறையான எனாமலுக்குள்ளிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து போயிருக்கும், மேல்பரப்பு மட்டும் உடையாமல் நிற்கும். இந்த நிலையில் பல்லைக் குடைந்து அடைக்கத் தேவையில்லை. எச்சிலில் உள்ள தாதுக்களே திரும்ப உள்ளே படியும். ஃப்ளூரைடு அதை வேகப்படுத்தும். சாதாரண எனாமல் பிஹெச் 5.5 வாக்கில் கரையத் தொடங்கும் (பிஹெச் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஃப்ளூரைடு சேர்ந்து படிந்தது ஏறக்குறைய 4.5 வரை தாங்கும்.

அவளுக்குப் போட்டது பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ். 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு ஃப்ளூரைடு). பேஸ்ட்டில் 1,000 பிபிஎம்தான் என்று தெரிந்ததும் அக்கா பயந்துவிட்டாள். ஆனால் சின்னக் குழந்தைக்குப் பயன்படுத்துவது கால் மில்லி அளவுதான். சிறு பிரஷ்ஷால் தடவியதும் எச்சில் பட்டு இறுகி, பல்லோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளூரைடை விடும். அன்று முறுக்கு, சீடை வேண்டாம். இரவு பல் தேய்க்கவும் வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

ஜெல் 12,300 பிபிஎம். பல்வரிசை வடிவில் உள்ள சிறு தட்டில் நிரப்பி நாலு நிமிடம் கடித்திருந்து, துப்பிவிட்டு, அரைமணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சரி. வழவழப்பான பல்பரப்பில் வரும் வெள்ளைப் புள்ளிக்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் ஜெல், வார்னிஷ் இரண்டையுமே சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் எனக்கு இதில் யோசனையே இல்லை: ஜெல்லை விழுங்கி வாந்தி எடுப்பார்கள், வார்னிஷ்தான். கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் என்றால் வார்னிஷ் மட்டும் போதாது, பள்ளத்தை மூடும் பூச்சான சீலண்ட்டும் சேர்ந்தால்தான் நல்லது.

மூன்றாவது, கறுப்பு மருந்து என்று நான் சொன்ன சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. 38 சதவீதக் கரைசலில் 44,800 பிபிஎம், மூன்றிலும் வீரியமானது. அதற்காக இதுதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் வெள்ளைக் கோட்டுக்கு இது தேவையே இல்லை. குழி விழுந்த பால்பல்லோடு, டிரில் சத்தத்துக்கே அலறும் குழந்தைக்கு இது பெரிய வரம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மவுத்வாஷ் ஆறு வயதுக்கு மேல்தான்.

எதைப் பூசினாலும் வீட்டில் பேஸ்ட் சரியில்லை என்றால் வீண். குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃப்ளூரைடே கிடையாது. டியூபைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வயது வரை அரிசியளவு, அப்புறம் ஆறு வரை பட்டாணியளவு. தேய்த்தபின் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. தண்ணீரில் ஃப்ளூரைடு கூடியதால் வரும் வெள்ளைத் திட்டுகள் இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி பரவியிருக்கும். அது சொத்தை அல்ல, இந்தப் பூச்சுகளால் மறையாது. முதலில் டாக்டரிடம் காட்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அக்கா மகளின் பல்லைத் திரும்ப உலர்த்திப் பார்த்தார்கள். கோட்டின் தடம் லேசாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சொரசொரப்பு போய், மற்ற பல்லைப் போலவே மினுங்குகிறது.