காளையா, குதிரையா: கால் வலுவுக்கு எந்தச் சோதனை?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மாடுகளையும் குதிரைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். எதற்குக் காலில் வலு அதிகம் என்ற வழக்கும் கூடவே கிளம்பும். கிணற்றில் கவலை இறைத்த காளைக்கு எதுவும் ஈடாகாது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கட்சி. பாரம் இழுக்கும்போது பின்னங்கால் தரையை உந்தும் விசையை விசைத்தட்டில் அளந்துவிடலாம். அளந்த எண்களை எந்தப் புள்ளியியல் சோதனையில் இடுவது?

பலரும் முதலில் எடுப்பது, இரு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. புள்ளியியலாளர் கோசெட் 1908-இல், சிறிய மாதிரிகளுக்காகவே வகுத்தது. சராசரிகளின் வேறுபாட்டை விசையின் அலகான நியூட்டன் கணக்கிலேயே சொல்லும். இரு கூட்டங்களின் பரவலும் ஒன்றாக இராது என்பதால், இதில் வெல்ச் திருத்திய வடிவமே என் தேர்வு.

ஒரு காளை முரண்டு பிடித்து இழுக்காமல் நின்றுவிட்டால் சராசரி சரிந்துவிடும். மான்–விட்னி சோதனை எண்களை வரிசைப்படுத்தி இடங்களை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு அசையாது. ஆனால் எவ்வளவு வேறுபாடு என்று அதனிடம் நேரடியாகக் கேட்க முடியாது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: உடல் எடையை அவை அறியா. சரி, விசையை எடையால் வகுத்துவிடலாமே என்றால், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வடிவம் மாறாமல் ஒரு விலங்கின் நீளம் 2 மடங்கானால் தசையின் குறுக்குப்பரப்பு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகும். தசையின் விசை பரப்பைச் சார்ந்தது. ஆகவே வகுத்தால் சிறிய விலங்கே எப்போதும் வலுவானதாகத் தெரியும். எடையையும் சேர்த்துக் கணக்கிடும் அன்கோவா (ANCOVA) சோதனை இந்தத் தவறைத் தவிர்க்கிறது. விசை, எடை இரண்டின் மடக்கையையும் (log) எடுத்து, சிற்றினத்துக்கு ஒரு கோடு வரைந்து, கோடுகளின் இடைவெளியைச் சோதிக்கும். கோடுகளின் சாய்வு வேறுபட்டால் ஒற்றை விடை கிடையாது. இரு சிற்றினங்களின் எடை வரம்புகள் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் வேண்டும். ஆட்டையும் குதிரையையும் இப்படி ஒப்பிட்டால் கோடு வெற்றிடத்தில் நீளும். காளைக்கும் குதிரைக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

எந்தச் சோதனையானாலும் 10 காளைகளின் 4 கால்களை அளந்துவிட்டு 40 மாதிரிகள் என்று எழுதாதீர்கள். ஒரே உடலின் கால்கள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. மாதிரி 10 தான்.

வேறுபாடு உறுதியானாலும், அது காளையின் பிளந்த குளம்பால் வந்தது என்று இரண்டே சிற்றினங்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. பர்கூர் மலைமாட்டைச் சேர்த்தாலும் எண்ணிக்கை மூன்றாகாது, அதுவும் காங்கேயம் காளையும் ஒரே சிற்றினம். கழுதை, எருமை, ஆடு என்று வரிசை நீள வேண்டும். அவற்றின் பரிணாம உறவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கான வழியைப் பரிணாம உயிரியலாளர் ஃபெல்சன்ஸ்டைன் 1985-இல் காட்டியிருக்கிறார்.